வழியோர ஊர்களின் ஏற்றமும் இறக்கமும்: ரோமாபுரிச் சாலையும் நம்ம பேத்தமங்களாவும்

எங்கள் கடை வாசலில் ஒரு கல்தொட்டி கிடக்கிறது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒரே கருங்கல்லில் குடைந்தது. வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்ட எந்தக் காலத்திலோ யாரோ போட்ட தொட்டி. என் பாட்டனார் இந்தக் கடையை வாடகைக்கு எடுத்தபோதே அது அங்கே இருந்ததாம். இப்போது அதில் தண்ணீர் இல்லை. காலி சோடா கிரேட்டுகளை அடுக்கி வைக்கிறோம். "கடை வாசலை அகலப்படுத்தணும்ப்பா, தொட்டியை எடுத்துடலாம்" என்று மகன் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். போன வருஷத்திலிருந்து அதையும் விட்டுவிட்டான். கடையையே எடுத்துவிடலாம் என்கிறான்.

அவன் சொல்லுவதற்குக் காரணம் இருக்கிறது. பெங்களூரு சென்னை விரைவுச் சாலை எங்கள் ஊர்ப் பக்கமாகப் போகிறது. ஹொஸ்கோட்டையிலிருந்து இந்தப் பக்கம் கர்நாடகத்துக்குள் இருக்கும் சுமார் 71 கிலோமீட்டர் 2024 டிசம்பரிலேயே வண்டிகளுக்குத் திறந்தாயிற்று. பேத்தமங்களா அருகே ஏறி இறங்க வழியும் உண்டு. அங்கே ரோட்டோரம் ஒரு மனை பார்த்திருக்கிறான். "ஊருக்குள்ள இருந்து என்னப்பா பண்றது, வண்டி எங்க நிக்குதோ அங்க போகணும்" என்பது அவன் கட்சி.

மலர்க் குழு அன்பர்கள் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்ட சமயத்தில்தான் வீட்டில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் பி.யு.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். மளிகைக்கடை வைத்திருக்கும் தமிழ்ச் சமணன். (ஜைனர் என்றதும் இங்கே எல்லாரும் "சேட்டு" என்று கூப்பிடுகிறார்கள். நாங்கள் மார்வாடிகள் இல்லை. வந்தவாசிப் பக்கத்து நயினார்மார். இதை நாற்பது வருஷமாக விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது.) பழைய புத்தகம் படிக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. வழியோர ஊர் எதனால் வளருகிறது, எதனால் தேய்கிறது என்ற கேள்வியை என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் பார்க்கலாம் என்று எண்ணினேன். எங்கள் ஊரிலிருந்து தொடங்கி ரோமாபுரி வரை போய்த் திரும்பி வரவேண்டியிருக்கும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

பேத்தமங்களா என்றால் உங்களில் பலருக்குத் தங்கவயலுக்குக் குடிதண்ணீர் வந்த ஏரிதான் ஞாபகத்துக்கு வரும். பாலாற்றின் வலது கரையில் உள்ள ஊர். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் அதே பாலாறுதான் பிறகு வாணியம்பாடி, வேலூர், காஞ்சிபுரம் சீமைகளில் ஓடிக் கடலில் சேருகிறது. இந்த ஊரின் பழைய பெயர் விஜயாதித்த மங்கலம். பாண அரசன் விஜயாதித்தன் பேரால் வந்தது. விஜயேந்திர சுவாமி கோயில் இன்றும் அந்தப் பெயரின் பாதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

பாணர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கோலாரிலிருந்து பாலாற்றங்கரை வரை பல நூற்றாண்டு ஆண்ட சிற்றரசர்கள் இவர்கள். பல்லவர், கங்கர், சோழர் என்று பெரிய கைகளுக்கு நடுவில் காலம் தள்ளியவர்கள். இவர்கள் நாட்டுக்குக் கல்வெட்டுகளில் வடுகவழி பன்னீராயிரம் என்று ஒரு பெயர் வருகிறது. வடுகவழி என்றால் வடுகர் நாட்டுக்குப் போகும் வழி, அதாவது ஆந்திரப் பாதை. நாடுகளுக்கு ஆற்றின் பெயர் உண்டு, மலையின் பெயர் உண்டு, குலத்தின் பெயர் உண்டு. ரோட்டின் பெயரை நாட்டுக்கு வைத்தவர்கள் நம் பாணர்கள்! அந்த ரோடு அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வேலூர் மாவட்டத்து வள்ளிமலைக்குப் போனவர்கள் அங்கே குகையில் சமணத் திருவுருவங்களைக் கண்டிருப்பீர்கள். அந்தப் பள்ளியை எடுப்பித்தவன் கங்க மன்னன் இராசமல்லன். அங்குள்ள உருவம் ஒன்று, பாணராயரின் குருவாயிருந்த பவணந்தி பட்டாரரின் சீடர் தேவசேனருடையது. (நன்னூல் எழுதிய பவணந்தி வேறு. அவர் காலத்தால் மிகவும் பிந்தியவர்.) குகையில் இருப்பது தமிழ்நாட்டு மலை, எழுத்துக் கிரந்தம், மொழி கன்னடம். நம்மைப் போலவே அந்தக் காலத்திலும் எல்லையில் வாழ்ந்தவர்கள் இரண்டு மொழியிலும் காலை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

இனி ரோட்டுக்கு வருவோம். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் பழைய ராஜபாட்டைகளில் ஒன்று கோலாரைத் தாண்டி பேத்தமங்களா வழியாக வெங்கடகிரிக்கோட்டைக்குப் போகும். அங்கிருந்து நாயக்கனேரிக் கணவாயில் இறங்கினால் ஆம்பூர். இன்னொரு கிளை முல்பாகல், பலமனேர் வழியாக முகலிக் கணவாயில் இறங்கும். 1791ல் கார்ன்வாலிஸ் துரை திப்பு சுல்தானை ஏமாற்றியது இந்தக் கணவாய்களை வைத்துத்தான். ஆம்பூர்ப் பக்கத்துக் கணவாய்களில் ஏறுவதுபோல் பாவனை காட்டிவிட்டு, படையை முகலி வழியாக மேலே ஏற்றிக் கோலாருக்கு வந்துவிட்டார். ஒரு கணவாய் கவனத்தில் இல்லாததால் ஒரு ராஜ்யமே ஆட்டம் கண்டது.

கோலாரிலிருந்து பேத்தமங்களா 18 மைல். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒரு நாளில் போகக்கூடியது 15 மைல், மிஞ்சினால் 20. ஆக, காலையில் கோலாரில் வண்டி பூட்டினால் பொழுது சாயும்போது எங்கள் ஊர். இங்கே இராத் தங்கி மறுநாள் வெங்கடகிரிக்கோட்டை. எங்கள் ஊர் இருந்ததற்குப் பாதிக் காரணம் மாட்டின் கால்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. எங்கள் குலத்தாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பொழுது போனால் நாங்கள் சாப்பிடுவதில்லை. இருட்டுவதற்கு முன்னால் தங்குமிடம் போய்ச் சேராத சமண வியாபாரி அன்று பட்டினி. வழியோர ஊர் எத்தனை மைலில் இருக்கிறது என்பது எங்கள் முன்னோருக்கு வயிற்றுப் பிரச்சினை.

தங்கிப் போகும் இடத்துக்குத் தமிழில் அழகான பழைய சொல் இருக்கிறது: தாவளம். தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் நட்ட மைல்கல் கிடைத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு எழுத்து. நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று அதில் வெட்டியிருக்கிறது. அத்தோடு நிற்கவில்லை. கீழே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் போட்டிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. எழுத்துத் தெரியாத வண்டிக்காரன் இருட்டில் கையால் தடவிப் பார்த்தாலும் 29 என்று தெரிந்துகொள்ளலாம். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தப் புண்ணியவான் இப்படி யோசித்தானோ!

தாவளத்தில் வெறும் தங்கல் மட்டும் நடக்காது. சரக்குக் கைமாறும், சுங்கம் வசூலாகும், காவலுக்கு ஆள் இருக்கும். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் ஆபத்தான வழிகளில் சில ஊர்களை எறிவீரப்பட்டினம் என்று தங்கள் காவலுக்குள் கொண்டுவந்தார்கள். மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள பாசினிகொண்டாக் கல்வெட்டு, சிறாவள்ளி என்ற ஊரை அவர்கள் அப்படி மாற்றியதைச் சொல்லுகிறது. வியாபாரிகள் கூடித் தீர்மானம் போட்டு ஓர் ஊரின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறார்கள். இன்று எங்கள் வர்த்தகர் சங்கம் கூடினால் டீ வந்ததா வடை வந்ததா என்பதற்கு மேல் தீர்மானம் போகிறதில்லை.

இப்போது ரோமாபுரி. அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: 1891ல் பெங்களூரு யஷ்வந்த்பூரில் ரயில் வேலைக்கு மண் வெட்டும்போது ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரு பானையோடு கிடைத்தன. ரோமானியச் சாலைகளைக் காட்டும் பழைய நீள்வரைபடம் ஒன்றின் நகல் வியன்னாவில் இருக்கிறது. ஐரோப்பாவின் மேற்கிலிருந்து வரைந்துகொண்டே வந்து, கிழக்குக் கோடியில் நம் முசிறியைக் காட்டி, பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்றும் குறித்திருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அவர்களுடைய ரோடு முடியும் இடம் சேர நாடு.

அந்தச் சாலைகளில் அரசாங்கத் தபாலும் அதிகாரிகளும் போக அகஸ்டஸ் காலத்திலேயே ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. ஒரு நாள் பயணத்துக்கு ஒரு தங்கு விடுதி, நடுநடுவே குதிரை மாற்றும் லாயங்கள். 333ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் போர்தோவிலிருந்து ஜெருசலேம் வரை யாத்திரை போன ஒருவர், இந்த நிலையங்களையும் இடையிலுள்ள மைலையும் கடைக் கணக்குப்போல் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொரு விடுதியைச் சுற்றியும் லாடம் அடிப்பவன், சக்கரம் பழுது பார்ப்பவன், ரொட்டி சுடுபவன், சாராயக் கடைக்காரன் என்று சேர்ந்து சேர்ந்து ஊர்கள் முளைத்தன. ரோமிலிருந்து தெற்கே போகும் அப்பியன் சாலையில் ஓர் ஊருக்குப் பெயரே 'மூன்று கடைகள்'! லத்தீனில் திரேஸ் தபெர்னே. கிறிஸ்தவ அன்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். பவுல் அடியாரைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகும்போது சகோதரர்கள் எதிர்கொண்டு வந்த இடங்களில் ஒன்றாகப் பைபிளில் வருகிறது. நம் பக்கம் சத்திரம், சாவடி, பேட்டை என்று முடியும் ஊர்கள் எத்தனை! அதே ஜாதிதான்.

பேரரசின் பிற்காலத்தில், கி.பி. 3 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை, இந்த ஊர்களுக்கு என்ன ஆயிற்று? எல்லாம் ஒரேயடியாக அழிந்தன என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அப்படியில்லை. இங்கிலாந்தில் வால் என்ற கிராமம் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் பெரிய வழியோர ஊர், விடுதியும் குளியல் மண்டபமும் இருந்தது. பிற்காலத்தில் சாலையின் குறுக்கே ஒரு கோட்டைச் சுவர் எழுப்பினார்கள். காலம் கெட்டுப்போனபோது ரோட்டை விட்டுவிடவில்லை, சுவருக்குள் இழுத்துக்கொண்டார்கள். படை கப்பலேறிப் போனபின்தான் ஊர் உதிர்ந்தது. திரேஸ் தபெர்னேயோ 4ஆம் நூற்றாண்டுக்கு மேலும் தழைத்தது. ஒரு பிஷப்பின் இருக்கையாகவே உயர்ந்தது. பிறகு இத்தாலியில் 535 முதல் இருபது வருஷம் கோத்தியப் போர், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் லோம்பார்டியர் வந்துவிட்டார்கள். 592ல் போப் கிரிகோரி அந்த இருக்கையைப் பக்கத்து மலையூரான வெல்லெத்ரியோடு சேர்த்துவிட்டார். சமவெளி ரோட்டோரத்தில் குடியிருக்க ஜனங்களுக்குத் துணிவில்லை, மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். மூன்று கடையும் மூடியாயிற்று.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே சதுப்பு நிலம். ரோட்டின் மேலேயே தண்ணீர் ஏறிவிடும். கோத்திய அரசர் தியோடெரிக் காலத்தில், 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், தேசியஸ் என்ற பிரபு சொந்தப் பொறுப்பில் அந்தச் சதுப்பை வடித்துச் சாலையைத் திரும்ப எடுத்தார். அதற்குக் கல்வெட்டும் வைத்தார். நம் ஊரில் ஏரியைத் திருத்தியவன் கல் நடுவான். அங்கே நீரை வடித்தவன் கல் நட்டிருக்கிறான்.

போரினால் அழிந்தது, வெள்ளத்தால் அழிந்தது என்பதெல்லாம் புரிகிற சங்கதி. என்னை உட்காரவைத்தது வேறு ஒன்று. பெங்களூரு அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் ஒரு நாள் புரோக்கோபியஸ் என்ற 6ஆம் நூற்றாண்டு ஆசிரியரின் நூல் ஆங்கிலத்தில் கிடைத்தது. அட்டை கிழிந்தது, அறுபது ரூபாய். ஜஸ்டினியன் சக்கரவர்த்தியை ஆளுக்கு முன்னால் புகழ்ந்து எழுதிவிட்டு, மறைவில் திட்டித் தீர்த்து எழுதிய புத்தகம் அது. அதன் கடைசிப் பகுதியில் தபால் நிலையங்களைப் பற்றி வருகிறது. முன்காலத்தில் ஒரு நாள் பயணத் தூரத்தில் எட்டு நிலையங்கள்கூட உண்டு, ஐந்துக்குக் குறையாது. நிலையத்துக்கு நாற்பது குதிரைகள். உள்நாட்டில் நிலம் வைத்திருந்தவர்கள் தங்களிடம் மிஞ்சிய தானியத்தை இந்தக் குதிரைகளுக்கும் ஆட்களுக்கும் விற்றுக் காசு பார்த்தார்கள். அந்தக் காசில் வரி கட்டினார்கள். ஜஸ்டினியன் செலவைக் குறைக்கிறேன் என்று இறங்கினார். தலைநகருக்கு எதிர்க்கரையில் உள்ள கால்கிடானிலிருந்து போன தபாலை எடுத்துவிட்டு, ஆட்களைப் படகில் ஹெலனோபோலிஸுக்கு அனுப்பினார். பாரசீக எல்லைக்குப் போகும் வழியை மட்டும் பழையபடி விட்டுவைத்தார். மற்ற கீழ்த்திசை வழிகளில் நாளுக்கு ஒரு நிலையம், குதிரைக்குப் பதில் கழுதை. விளைவு? விளைந்ததை வாங்க ஆளில்லை. களத்திலேயே கெட்டுப் போயிற்று.

இவர் சக்கரவர்த்திமேல் வன்மம் உள்ளவர், இவர் பேச்சை நம்பலாமா என்று அறிஞர்கள் கேட்பார்கள். நியாயம்தான். ஆனால் அதே காலத்தில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஜான் லைடஸ் என்பவரும் தனியாக இதையே எழுதியிருக்கிறார். தபால் நின்றுபோன ஊர்களில் குடியானவர்கள் தானியத்தை உள்ளூரில் தள்ள முடியாமல் கடற்கரை வரை தாங்களே சுமந்து போய் வழியில் மாண்டார்கள் என்கிறார். ஒரு பற்றுச் சீட்டில் இரண்டு சாட்சிக் கையெழுத்து இருந்தால் வியாபாரி ஒப்புக்கொள்வான். நான் ஒப்புக்கொள்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, சாலை போன இடத்துக்குப் போகவில்லை. கல் பாவிய ரோடு அப்படியே கிடந்தது. எதிரி வரவில்லை, வெள்ளம் வரவில்லை. நின்றுபோனது வண்டி நிற்பது மட்டும்தான்.

எங்கள் ஊருக்கு நேர்ந்ததும் அச்சாக இதுவே. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் வந்தது. ரயில் எங்கள் ஊரைத் தொடவில்லை. மேற்கே சில மைல் தள்ளிப் போயிற்று. அங்கே ஒரு பேட்டை எழுந்தது, அப்போதைய மைசூர் கமிஷனர் பவுரிங் துரை பெயரால் போரிங்பேட்டை. இன்றைய பங்காருப்பேட்டை. லால்பாக், பிருந்தாவன் ரயில்களில் போகும் அன்பர்கள் அந்த ஸ்டேஷனில் வடை வாங்கித் தின்றிருப்பீர்கள். அந்த வடை ஒரு காலத்தில் பேத்தமங்களாவில் வெந்திருக்க வேண்டிய வடை. பேத்தமங்களா பெயரிலேயே இருந்த தாலுகாவின் கச்சேரியும் போரிங்பேட்டைக்குப் போயிற்று. கச்சேரி போனால் மனு எழுதுபவர் போவார், வக்கீல் போவார், அவர்களுக்குச் சாப்பாடு போட்ட ஓட்டல் போகும். ரோடு இருந்த இடத்திலேயே இருந்தது. பழைய மைசூர் கெசட்டியரும் ரயில் வந்தபின் ஊர் தேய்ந்ததைச் சொல்லுகிறது.

அப்படியானால் ஊர் ஏன் செத்துப்போகவில்லை? திரேஸ் தபெர்னேயைப்போல் ஏன் பெயர் மட்டும் மிஞ்சவில்லை?

ஏரி. பாலாற்றைத் தடுத்துக் கட்டிய இந்த ஏரிக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயது. கல்வெட்டுகளின்படி 950 வாக்கில், நொளம்ப மன்னன் இரிவ நொளம்பன் காலத்தில், உடைந்த ஏரியைத் திருத்தியிருக்கிறார்கள். திரும்ப உடைந்திருக்க வேண்டும், 1155ல் போசளர் சேனாபதி சொக்கிமய்யன் அதைச் செப்பனிட்டிருக்கிறார். நடுவிலே சோழர் ஆட்சி வந்து போயிற்று. கோலார் மாவட்டத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் பெரும்பாலும் அந்தக் காலத்தின் வழி வந்தவை. 1905ல் ரைஸ் துரை வெளியிட்ட கோலார் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டினால் தமிழும் கன்னடமும் மாறி மாறி வரும். ஆண்டவன் எவனானாலும் ஏரி உடைந்தால் கட்டியிருக்கிறான். இந்த ஊரை ஆண்டவர்கள் யாருமே ரோட்டைப் போட்டேன் என்று கல் நடவில்லை, எனக்குத் தெரிந்து. ஏரிக்குத்தான் நட்டார்கள்.

பிறகு தங்கவயல். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி கைக்கு வந்தபின் சுரங்கங்கள் பெருகின. 1894ல் போரிங்பேட்டையிலிருந்து ரயில் கிளை போட்டார்கள், 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். அங்கே பொன் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் ஏரியில் நீரேற்று நிலையம் அமைத்துக் குழாய் வழியே தங்கவயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ரயில் கைவிட்ட ஊரைக் குழாய் பிடித்துக்கொண்டது.

என் பாட்டனார் வந்தது அந்தக் காலத்துக்குப் பிறகு. வந்தவாசியிலிருந்து முதலில் ராபர்ட்சன்பேட்டைக்குத்தான் அரிசி வியாபாரத்துக்கு வந்தார். அங்கே கடை வாடகை அதிகம், போட்டியும் அதிகம். பேத்தமங்களாவில் பழைய ரோட்டோரக் கடைகள் பூட்டிக் கிடந்தன, வாடகை சல்லிசு. வாட்டர் ஒர்க்ஸ் ஆட்களுக்கு மாசச் சம்பளம் உண்டு, மளிகைக்கு ஆள் இல்லை. "ஊர் படுத்திருக்கும்போது கடை போடு, எழுந்த பிறகு இடம் கிடைக்காது" என்பாராம். அவர் கணக்கு பலித்தது. அப்பா காலத்தில் சம்பள நாளன்று கடையில் நிற்க இடம் இருக்காது. நானே சிறு வயதில் பொட்டலம் கட்டிக் கட்டி விரல் காய்த்தவன்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடியது. அந்த வருஷத்துப் பேரேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. தங்கவயலில் எங்களிடம் சில்லறைக்குச் சரக்கு எடுத்த சின்னக் கடைக்காரர்கள் இருபத்திரண்டு பேர். அவர்களுடைய வாடிக்கைக்காரர்களுக்குச் சம்பளம் இல்லை, அவர்களால் எனக்குக் கட்ட முடியவில்லை. நான் மண்டிக்குக் கட்டியாக வேண்டும். மனைவியின் வளையல் நான்கும் அந்த வருஷம் போயின. தங்கவயலுக்காகப் போன தங்கம் என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். புரோக்கோபியஸ் சொன்ன, களத்தில் கெட்டுப்போன தானியம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கிடங்கில் பதினெட்டு மூட்டை துவரையில் வண்டு விழுந்தது. ஒரு சம்பளம் நின்றால் பத்து கிலோமீட்டர் தள்ளி வண்டு விழும்.

பெரிய சுரங்கமே போனபின் எங்கள் கடை எப்படித் தப்பியது என்று கேட்கலாம். சுற்றுப்பட்டுக் கிராமங்களால் தப்பியது. ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள ஊர்கள். தக்காளி போட்டாலும், பட்டுப்பூச்சி வளர்த்தாலும், மாடு கறந்தாலும் உப்புப் புளி வாங்க எங்களிடம் வந்தார்கள். வறண்ட வருஷங்களில் அதுவும் தடுமாறிற்று. 2021 நவம்பரில் பெய்த மழையில் ஏரி நிரம்பிக் கலுங்கு பாய்ந்தபோது ஊரே போய்க் கரையில் நின்றது. நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். சாயங்காலம் வியாபாரம் இல்லை என்று அன்றைக்கு வருத்தப்படவில்லை.

இப்போது விரைவுச் சாலை. 160 வருஷத்துக்கு முன் எங்களை விட்டுப்போன சென்னைப் பாட்டை திரும்பி வந்திருக்கிறது, ஆனால் ஊருக்குள் இல்லை. இரண்டு பக்கமும் வேலி. இரு சக்கர வண்டிக்கு இடமில்லை. மாட்டு வண்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாட்டின் ஒரு நாள் தூரத்தைக் கார் அரைமணிக்குள் தாண்டிவிடுகிறது. நடுவில் நிற்பதற்கு அவனுக்கு என்ன தேவை? ஏறி இறங்கும் இடத்தில் சிலர் நிற்பார்கள் என்கிறான் மகன். நிற்பார்கள்தான். ஹெலனோபோலிஸ் படகுத் துறையிலும் ஆள் நின்றிருப்பான், அங்கே கடை போட்டவன் பிழைத்திருப்பான். கால்கிடான் ரோட்டுக்காரனின் மகன்களில் ஒருவன் அங்கே போயும் இருப்பான். அதை நான் தப்பென்று சொல்லவில்லை. என் பாட்டனார் வந்தவாசியிலேயே உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இல்லை.

ஆனால் விடுதியை மட்டும் நம்பிய ஊருக்கும், தண்ணீரும் களமும் கையில் வைத்துக்கொண்டு விடுதியையும் நடத்திய ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் படித்த புத்தகங்களிலும் பார்த்தேன், சொந்தப் பேரேட்டிலும் பார்த்தேன். மகனிடம் சொன்னேன். "எல்லாம் சரிப்பா, ஹோரேஸ் கதையையும் சொல்லிடுங்க" என்று கேலி செய்தான். அந்த ரோமானியக் கவிஞர் அப்பியன் சாலையில் போரம் அப்பி என்ற ஊரில் தங்கியபோது, தண்ணீர் மோசம் என்று சாப்பிடாமலே இருந்தாராம். விடுதிக்காரர்களையும் வைது எழுதியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷமாக அந்த ஊரின் தண்ணீரைப்பற்றி உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. வழியோரக் கடைக்காரன் பயப்பட வேண்டிய விஷயம் இது.

வருகிற வியாழக்கிழமை மனைக்காரர் வீட்டுக்கு வருகிறார். விலையை மகன் பேசிக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அந்த மனையில் போர் போட்டிருக்கிறதா, எத்தனை அடியில் தண்ணீர், உப்பா நல்லதா என்று நான் கேட்கப் போகிறேன். நல்ல தண்ணீர் என்றால் கல்தொட்டியை அங்கே கொண்டுபோக டிராக்டர்காரரிடம் வாடகையும் விசாரித்து வைத்திருக்கிறேன். இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்கிறார்.